ஒரு நாள் வேலை

சித்திரை மாதத்து வெயில் எப்படி இருக்கும் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்று எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடாம் காய்ந்து கொண்டிருந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சாய்வு நாற்காலியில் கண்களை மூடிக் கொண்டு, எழுதி வந்த நாவலின் பதினேழாவது அத்தியாயத்தைப் பற்றிச் சிந்தித்துக் கொண்டிருந்தேன். (என் மனைவி இந்தக் காரியத்துக்கு வேறு பெயர் சொல்லுவாள்.) திடீரென்று சடசடவென்று மழை கொட்டும் சத்தம் கேட்டது. தொலைவில் ஓர் இடி. "வடாம்!" என்று கத்திக் கொண்டு, வயசையும் முழங்கால் வலியையும் மறந்து மாடிப்படி ஏறி ஓடினேன். மேலே போய்ப் பார்த்தால் வெயில் சுட்டெரிக்கிறது. வடாம் சுகமாகக் காய்ந்து கொண்டிருக்கிறது. ஆனால் மழைச் சத்தம் மட்டும் ஓயவில்லை. போதாக்குறைக்கு மாதா கோவில் மணி ஒன்றும் அடிக்க ஆரம்பித்தது. எங்கள் பேட்டையில் மாதா கோவில் கிடையாது.

மழை என் பேரனுடைய அறைக்குள் பெய்து கொண்டிருந்தது. இசைத்தட்டுக்கள் மறுபடியும் நாகரிகம் ஆகியிருக்கும் காலம் இது. அவன் ஒரு கறுப்புத் தட்டைச் சுழலவிட்டு, அதன் எதிரே தவத்தில் அமர்ந்திருப்பவனைப் போல் உட்கார்ந்திருந்தான்.

"இது என்னடா?" என்றேன்.

"பாட்டு, தாத்தா. இன்னும் ஆரம்பிக்கவில்லை" என்றான்.

ஆரம்பித்தது. மூன்றே மூன்று ஸ்வரங்கள். யானை ஒன்று சேற்றில் கால் வைத்து நடப்பது போல, அவசரமே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. என் தலைமுறைக்குத் தெரிந்த சங்கீதம் எதிலும் அது சேராது. "போதும், நிறுத்து!" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் சொன்னான்: "தாத்தா, இந்தத் தட்டு முழுவதையும் ஒரே நாளில் வாசித்து முடித்து விட்டார்களாம்."

ஒரு நாவலுக்கு மூன்று வருஷம் எடுத்துக் கொள்ளுகிற எனக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. கொஞ்சம் பொறாமையினாலும் கொஞ்சம் சந்தேகத்தினாலும் அந்த ஒரு நாளின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தச் சங்கீதம் உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. எனக்கே அது பாதிதான் பிடித்திருக்கிறது.

குழுவின் பெயர் பிளாக் ஸாபத். நாள் 1969-ம் வருஷம் அக்டோபர் 16. இடம் லண்டனில் ரீஜண்ட் சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடம். ஆனால் கதையை லண்டனில் தொடங்கினால் ஒன்றும் விளங்காது. நாலு வருஷம் பின்னால் போய், பர்மிங்ஹாம் நகரத்துக்கு வர வேண்டும்.

இங்கிலாந்தின் தொழில் பட்டறை என்று பர்மிங்ஹாமைச் சொல்லலாம். அந்த நகரத்தில் ஆஸ்டன் என்று ஒரு பகுதி. உலைக்கூடங்களும் தகட்டுப் பட்டறைகளும் வரிசை வரிசையான தொழிலாளர் வீடுகளும் நிறைந்த இடம். யுத்தத்தில் ஜெர்மானியர் போட்ட குண்டுகள் இடித்த இடங்கள், யுத்தம் முடிந்து பல வருஷங்கள் ஆகியும் இடிந்தபடியே கிடந்தன. 1948-லும் 1949-லும் பிறந்த நாலு பையன்கள் அங்கே வளர்ந்தார்கள். டோனி அயோமி, பில் வார்ட், ஆஸி ஆஸ்பர்ன், கீஸர் பட்லர். படிப்பு முடிந்தால் தொழிற்சாலை என்பது அந்தத் தெருக்களில் தலையெழுத்து. ஆஸி ஒரு கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தார். மோட்டார் ஹாரன்களுக்குச் சுருதி கூட்டும் வேலையும் பார்த்தார். திருட்டுக் குற்றத்துக்கு விதித்த அபராதத்தைக் கட்ட முடியாமல் சில வாரம் சிறையிலும் இருந்தார். அபராதப் பணத்தைக் கட்ட அவருடைய தகப்பனார் மறுத்துவிட்டார். பிள்ளைக்குப் புத்தி வரட்டும் என்று நினைத்திருப்பார். கீஸர் பட்லர் கணக்கெழுதும் ஆபீஸில் இருந்தார். டோனி அயோமி தகட்டுப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்தார்.

அயோமி இடது கைக்காரர். கிதார் வாசிக்கும்போது இடது கை தந்தியை மீட்டும். வலது கை விரல்கள் தந்தியை அழுத்தும். வீணைக்கு மெட்டுக்கள் இருப்பது போலக் கிதாருக்கும் உண்டு அல்லவா? அந்த மெட்டுக்களில் ஸ்வரத்தைப் பிடிப்பவை வலது கை விரல்கள். இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

1965-ல் அவருக்குப் பதினேழு வயசு. ஒரு வாத்தியக் குழுவோடு ஐரோப்பாவுக்குப் போக வாய்ப்பு வந்தது. பட்டறை வேலையை விட்டு விடுவதாகச் சொல்லியாயிற்று. அன்று கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், "இனிமேல் திரும்பிப் போகவில்லை" என்றார். அவருடைய தாயார் விடவில்லை. வேலை என்றால் ஒழுங்காக முடித்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். எந்தத் தாயாரும் சொல்லக் கூடியதுதான். நானும் நீங்களும் நம் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லுவோம்.

பட்டறையில் அன்று பிரஸ் மெஷினை ஓட்டும் ஆள் வரவில்லை. பழக்கமில்லாத அந்த யந்திரத்தில் பையனை நிறுத்தினார்கள். யந்திரம் இறங்கியது. கையை வெடுக்கென்று இழுத்தார். வலது கையில் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் போய்விட்டன.

வைத்தியர்கள் நம்பிக்கை கொடுக்கவில்லை. கிதாரை மறந்துவிட வேண்டியதுதான் என்று ஆயிற்று. பையன் வீட்டில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

இந்த இடத்தில்தான் என் மனத்தைவிட்டு அகலாத ஒரு மனிதர் வருகிறார். அவர் அந்தப் பட்டறையின் போர்மேன். பையனைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். வந்தவர் கையில் ஓர் இசைத்தட்டு இருந்தது. "இதைப் போட்டுக் கேள்" என்றார். சங்கீதம் என்ற பேச்சே அப்போது அயோமிக்குக் கசந்தது. வேண்டாம் என்று மறுத்தார். போர்மேன் விடவில்லை. தட்டு சுழன்றது. கிதார் வாசிப்பு அபாரமாக இருந்தது. கேட்டு முடித்ததும் போர்மேன் சொன்ன செய்தி இது: "இதை வாசிப்பவர் இரண்டே விரல்களால் வாசிக்கிறார்."

வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். நாடோடி ஜிப்ஸி இனத்தில் 1910-ல் பிறந்தவர். 1928-ல் அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றியது. இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப் போயின. மீதி இரண்டு விரல்களையே முக்கியமாக நம்பி ஸ்வரம் பிடிக்கும் வித்தையைப் புதிதாகக் கற்றுக் கொண்டு, ஐரோப்பாவின் தலைசிறந்த ஜாஸ் வித்வான்களில் ஒருவரானார். 1953-ல் காலமாகிவிட்டார். தன்னுடைய தட்டு ஒன்று பன்னிரண்டு வருஷம் கழித்துப் பர்மிங்ஹாமில் ஒரு தொழிலாளியின் வீட்டில் என்ன செய்தது என்பதை அவர் அறிய வழியில்லை.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் சித்தி பிள்ளை ஒருவன் கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தான். என்னைவிட ஐந்தாறு வயசு சிறியவன். புல்லாங்குழல் நன்றாக வாசிப்பான். குருவிடம் முறையாகக் கற்றது கொஞ்சம். சினிமாப் பாட்டைக் கேட்டுக் கேட்டுத் தானே பிடித்தது அதிகம். கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து பெரியவர்கள் வெற்றிலை போடும் நேரத்தில் அவனை வாசிக்கச் சொல்லுவோம். ஒரு நாள் பட்டறையில் அவனுடைய இடது கை மோதிர விரல் நுனி போய்விட்டது. குழலின் துளையை மூட விரல் இல்லை.

நான் பார்க்கப் போனேன். அரை டஜன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொண்டு போனேன். "உயிர் பிழைத்ததே பெரிது, தம்பி. கை போகாமல் விரல் நுனியோடு போயிற்றே!" என்று ஆறுதல் சொன்னேன். போனவர்கள் எல்லாரும் இதையேதான் சொன்னோம். அவனும் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு அவன் குழலைத் தொட்டதாக எனக்குத் தெரியாது. நாங்களும் கேட்கவில்லை. கேட்பது அவனைப் புண்படுத்தும் என்று எண்ணினோம். உண்மையில் எங்களுக்குத்தான் அந்தப் பேச்சு சங்கடமாக இருந்தது.

நாங்கள் கொண்டு போனது ஆரஞ்சுப் பழம். அந்தப் போர்மேன் கொண்டு போனது இசைத்தட்டு. இந்த வித்தியாசத்தைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நல்லது, பர்மிங்ஹாமுக்குத் திரும்புவோம்.

தட்டைக் கேட்ட பையன் எழுந்து உட்கார்ந்தான். பாத்திரம் துலக்கும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டி ஒன்றை எடுத்து உருக்கினான். உருண்டையாக உருட்டி, சுட்ட பற்றுக்கோலால் அதில் குழி செய்தான். விரலில் மாட்டிப் பார்த்து, தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வடிவத்துக்குக் கொண்டு வந்தான். பிளாஸ்டிக் தந்தியின் மேல் வழுக்கியது. ஆகவே பழைய தோல் சட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினான். இப்படியாக இரண்டு விரல்களுக்கும் நுனி தயாராயிற்று. பட்டறையில் கற்ற கைத்தொழில் பட்டறையில் இழந்த விரலுக்கு உதவியது.

ஆனால் பொய் விரலுக்குத் தொடு உணர்ச்சி கிடையாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் தெரிந்து கொள்ள வேண்டும். சாதாரணக் கிதார்த் தந்தி அந்த விரல்களுக்குக் கடினமாக இருந்தது. மெல்லிய தந்தி அந்நாளில் கடையில் எளிதில் கிடைக்கவில்லை. பான்ஜோ என்ற வேறொரு வாத்தியத்தின் தந்திகளை வாங்கிக் கிதாரில் கட்டினார். பல ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் வழக்கமான பிடிகள் அவருக்கு ஒத்து வரவில்லை. இரண்டு மூன்று ஸ்வரங்களில் முடிகிற எளிய பிடியைப் பிடித்து, ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் கொண்டு அதைப் பருமனாக்கினார். மற்றவர்கள் பத்து ஸ்வரம் ஓடும் இடத்தில் இவர் ஒரு ஸ்வரத்தில் நின்றார். பின்னால், 1971-ல் வெளிவந்த மூன்றாவது இசைத்தட்டில், தந்தியை இன்னும் இளக்கிச் சுருதியையே இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு இந்த ரகச் சங்கீதம் வாசிக்கக் கிளம்பிய எத்தனையோ இளைஞர்கள், பத்து விரலும் முழுசாக இருந்தும், சுருதியை இறக்கிக் கொண்டுதான் வாசித்தார்கள்.

1968-ல் நால்வரும் ஒன்று சேர்ந்தார்கள். சேர்ந்த விதம் வேடிக்கையானது. வாத்தியக் கடை ஒன்றில் ஒரு விளம்பரச் சீட்டு தொங்கியது: ஆஸி என்ற பாடகருக்குக் குழு வேண்டும், ஒலிபெருக்கிச் சாதனங்கள் அவரிடமே இருக்கின்றன. அதைப் பார்த்த அயோமிக்குப் பள்ளிக்கூடத்தில் தமக்குக் கீழ் வகுப்பில் படித்த ஓர் ஆஸி ஞாபகம் வந்தது. "அவனாக இருக்க முடியாது. அவனுக்குப் பாட வராதே!" என்று எண்ணினாராம். கதவைத் தட்டினால் அவரேதான். பாடகரின் குரலைவிட அந்தச் சாதனங்களே முதலில் பேசின என்று சொன்னால் ஆஸியே கோபித்துக் கொண்டிருக்க மாட்டார். கிதார் வாசித்துக் கொண்டிருந்த பட்லர், ஏற்கெனவே ஒரு கிதார்க்காரர் இருந்ததால், மந்திர ஸ்தாயி வாத்தியமான பேஸ் கிதாருக்கு மாறினார். அயோமியின் தந்தி எங்கே போகிறதோ அங்கேயே பட்லரின் தந்தியும் போயிற்று. ஒரே வழியில் இரண்டு வண்டி போனால் தடம் ஆழமாகப் பதியும் அல்லவா? குழுவின் சத்தம் கனமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த வருஷக் கடைசியில் அயோமி குழுவை விட்டுவிட்டு, ஏற்கெனவே பேர் வாங்கியிருந்த ஜெத்ரோ டல் என்ற குழுவில் சேர்ந்தார். சில வாரம்தான். திரும்பி வந்துவிட்டார். வரும்போது ஒரு பாடம் கொண்டு வந்தார்: பேர் வாங்கியவர்கள் காலையில் ஆபீஸுக்குப் போவது போலச் சாதகத்துக்குப் போகிறார்கள்! அன்றிலிருந்து பர்மிங்ஹாமிலும் காலை ஒன்பது மணிக்குச் சாதகம் என்று ஏற்பட்டது. இரவெல்லாம் விழித்துப் பகலெல்லாம் தூங்குகிறவர்கள் என்று இந்த வகைக் கலைஞர்களைப் பற்றி நாம் நினைத்திருக்கிறோம். தொழிற்சாலைச் சங்குக்கு எழுந்து பழகிய பிள்ளைகளுக்கு ஒன்பது மணி ஒரு பொருட்டே அல்ல.

அப்போது அவர்களுக்கு 'பூமி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். அதே பெயரில் வேறொரு குழுவும் இருந்தது; அதனால் குழப்பம். போரிஸ் கார்லாஃப் நடித்து 1963-ல் வந்த ஒரு பேய்ப் படத்தின் பெயர் பிளாக் ஸாபத். பயப்படுவதற்காக ஜனங்கள் காசு கொடுத்துப் படம் பார்க்கப் போகிறார்களே, பயமுறுத்தும் சங்கீதம் ஏன் இருக்கக் கூடாது என்று பேச்சு வந்தது. முதலில் ஒரு பாட்டுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்; பிறகு குழுவே அந்தப் பெயரை எடுத்துக் கொண்டது.

அந்தப் பாட்டுத்தான் என்னை வடாம் எடுக்க மாடி ஏற வைத்தது. அதன் பிறப்பைக் கேளுங்கள். குஸ்டவ் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேய இசைமேதை, 1914-லிருந்து 1917-க்குள், கோள்களின் பெயரால் ஓர் இசைத் தொகுப்பு இயற்றினார். அதில் செவ்வாய்க்கு உரியது யுத்தத்தைப் பற்றியது. பட்லருக்கு அதில் மோகம். சாதகத்தின்போது தம் வாத்தியத்தில் அதை வாசித்துக் கொண்டிருந்தார். மறுநாள் அயோமி மூன்று ஸ்வரங்களோடு வந்தார்.

நம்முடைய கணக்கில் சொல்லுகிறேன். கீழ் ஷட்ஜம், உடனே மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். அவ்வளவுதான். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள அந்த இடைவெளியைப் பழைய ஐரோப்பிய இசை இலக்கணக்காரர்கள் 'சங்கீதத்தில் உள்ள பிசாசு' என்று பெயரிட்டு ஒதுக்கி வைத்தார்கள். காதில் அது நெருடுகிறதாம். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் 72 மேளகர்த்தாக்களில் சரிபாதி, 36 மேளங்கள், பிரதி மத்யமத்தை வைத்துக் கொண்டுதான் குடித்தனம் நடத்துகின்றன. கல்யாணி ராகத்தைக் கேட்டு யாராவது பயந்ததுண்டா? ஆனால் கல்யாணியில் அந்த மத்யமத்துக்கு அக்கம் பக்கத்தில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். காந்தாரம் கை கொடுக்கிறது. பஞ்சமம் தோள் கொடுக்கிறது. அயோமியின் மத்யமம் அநாதையாக, இருட்டில், நடுத்தெருவில் நிற்கிறது. பயம் ஸ்வரத்தில் இல்லை. அதைத் தனியே விட்டதில் இருக்கிறது. தட்டை மறுபடி கேட்டபோது எனக்கு இது புரிந்தது.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்த பாட்டுக்களை மேடை மேடையாக வாசித்தார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஸ்டார் கிளப்பில் ஒரே நாளில் பல தடவை மேடை ஏறினார்கள். பாட்டுக்கள் கைக்குப் பழகின. இசைத்தட்டுக் கம்பெனிகளோ ஒன்றன்பின் ஒன்றாகக் கை விரித்தன. கடைசியில் சுமார் 600 பவுன் செலவில் ஒரு தட்டுக்கு வழி பிறந்தது.

இப்போது அக்டோபர் 16-க்கு வருகிறோம். தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன். ஒலிப்பதிவு எஞ்ஜினீயர் டாம் ஆலம். சாதாரணமாக இப்படிப்பட்ட தட்டுக்களைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டுவார்கள். அதற்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. மேடையில் எப்படி நிற்பார்களோ அப்படியே வாத்தியங்களோடு நின்றார்கள். ஆஸியை மட்டும் தனித் தடுப்புக்குள் நிறுத்தினார்கள். வாத்தியங்கள் முழங்க முழங்கவே அவர் பாடினார். நாலு தடமுள்ள ஒலிநாடா ஓடியது. கச்சேரியில் வாசிப்பதை வாசித்தார்கள். பெரும்பாலும் முதல் தடவை வந்ததே முடிவாயிற்று. ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை தீர்ந்தது.

விக்கினம் வராமல் இல்லை. அயோமி தம் பிரியமான ஃபெண்டர் கிதாரோடு வந்திருந்தார். ஒரு பாட்டு முடிந்ததும், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் அதன் 'பிக்கப்' கெட்டுவிட்டது. பழுது பார்க்க அவகாசம் எங்கே? துணைக்குக் கொண்டு வந்திருந்த கிப்ஸன் எஸ்.ஜி. கிதாரை எடுத்து மாட்டிக் கொண்டு மீதியை வாசித்து முடித்தார். அன்று மாற்றாக வந்தது பிறகு மாறவே இல்லை; இன்று அவர் பெயரைச் சொன்னால் அந்தக் கிதார்தான் ரசிகர்களின் கண்முன் நிற்கிறது. ஃபெண்டரில் வாசித்த அந்த ஒரு பாட்டு இங்கிலாந்தில் வந்த தட்டில் இடம் பெறவில்லை. ஒரு சிறு தட்டின் மறுபக்கத்துக்குப் போயிற்று.

இரண்டோர் இடங்களில் கிதாரின் மேல் இன்னொரு கிதாரைப் பதிந்தார்கள். மழையும் இடியும் மணியும் பிறகு சேர்த்தவை. இவ்வளவே அலங்காரம். ஒரு முழு நாள் கிடைத்ததே அப்போது தங்களுக்குத் தாராளமாகத் தோன்றியது என்று அயோமி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வாத்தியங்களை வண்டியில் ஏற்றிக் கொண்டு, மறுநாள் ஸ்விட்ஜர்லாந்தில் 20 பவுன் சம்பளத்துக்கு வாசிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

இதைப் படித்தபோது என் பொறாமை கரைந்தது. ஒரு நாளில் செய்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு நாளுக்குள் ஹாம்பர்க் மேடைகள் இருந்தன. காலை ஒன்பது மணிச் சாதகங்கள் இருந்தன. உருக்கித் தேய்த்த பிளாஸ்டிக் இருந்தது. சங்கு ஊதினால் வேலை, மறுபடி ஊதினால் வீடு என்று வளர்ந்தவர்கள், சங்கீதத்தையும் ஒரு ஷிப்டு வேலையாகப் பார்த்து முடித்தார்கள். மூன்று வருஷம் எழுதுகிற நான், அந்த மூன்று வருஷத்தில் எத்தனை மணி உண்மையில் எழுதினேன் என்று கணக்குப் பார்க்காமல் இருப்பது நல்லது.

1970-ம் வருஷம் பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை தட்டு வெளிவந்தது. அந்தத் தேதியும் கிழமையும் சேர்ந்தால் அபசகுனம் என்பது மேல்நாட்டாரின் நம்பிக்கை. மேலுறைப் படம் தேம்ஸ் நதிக்கரையில் மேப்பிள்டர்ஹம் என்ற இடத்திலுள்ள பழைய நீராலை. அதன் முன்னே கறுப்பு உடை உடுத்த ஒரு பெண். உள்பக்கத்தில் தலைகீழான சிலுவை ஒன்றைப் பதித்திருந்தார்கள். வாசித்தவர்களுக்கு இது முன்னால் தெரியாது. பிசாசை வணங்குகிறவர்கள் என்ற வசவை அந்தச் சிலுவைக்காகவும் அவர்கள் பல காலம் சுமந்தார்கள்.

விமரிசகர்கள் சிரித்தார்கள். அமெரிக்காவில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் லெஸ்டர் பாங்ஸ் ஏளனமாக எழுதினார். ஜனங்கள் வேறு மாதிரி தீர்ப்புச் சொன்னார்கள். இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் தட்டு 8-வது இடத்துக்கு வந்தது. அமெரிக்காவில் 23-வது இடத்துக்கு ஏறி, ஒரு வருஷத்துக்கு மேல் பட்டியலை விட்டு இறங்கவில்லை. 'ஹெவி மெட்டல்' என்ற பெயர் இந்தச் சங்கீதத்துக்குப் பின்னால் ஒட்டிக் கொண்டது. கன உலோகம் என்று பொருள்.

உலோகம் தின்ற விரலிலிருந்து உலோகச் சங்கீதம் பிறந்தது என்று இந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதினால் அழகாகத்தான் இருக்கும். எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். என் சித்தி பிள்ளையின் விரலையும் உலோகம்தான் தின்றது. அதிலிருந்து ஒன்றும் பிறக்கவில்லையே! விபத்து நடந்தது, கலை பிறந்தது என்று இரண்டையும் அருகருகே வைத்தால், நடுவே தட்டைத் தூக்கிக் கொண்டு படியேறி வந்த மனிதர் மறைந்து போகிறார். துன்பம் தானாக யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. "இப்படியும் ஒருவன் வாசித்திருக்கிறான், கேள்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

2025-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி, அந்த நால்வரும் தாங்கள் வளர்ந்த ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், கடைசித் தடவையாகச் சேர்ந்து வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயினால் நிற்க முடியாத ஆஸி, சிம்மாசனம் போன்ற ஓர் ஆசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். பாடியவை நாலு பாட்டு. அவற்றுள் ஒன்று அந்த ஒரு நாளில் பதிந்த முதல் தட்டிலிருந்து எடுத்தது. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-ந் தேதி, அவர் காலமானார்.

இந்தக் கதையெல்லாம் படித்து முடித்த பிறகு ஒரு நாள் கோயம்புத்தூருக்குப் போனேன். என் தம்பிக்கு இப்போது எழுபது வயசுக்கு மேல் ஆகிறது. திண்ணையில் உட்கார்ந்து, வடாம் எடுக்க ஓடியதிலிருந்து ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். போர்மேன் வந்த கட்டத்தைச் சொல்லும்போது என் தொண்டை கொஞ்சம் அடைத்தது. அவன் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக் கொண்டே சொன்னேன்.

அவன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த பிளாஸ்டிக்கை எதில் போட்டு உருக்கினான், அண்ணா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"உள்ளே குழி?"

"சுட்ட பற்றுக்கோலால் செய்தானாம்."

"சரி. ஆனால் வழுக்குமே?"

"தோல் ஒட்டினான்."

"ஆமாம், தோல்தான் சரி" என்றான். தன் இடது கையைத் தூக்கி, அந்தக் குட்டையான மோதிர விரலைக் கட்டை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தான். "குழலுக்கு இன்னும் மெல்லிய தோலாக வேண்டும்" என்றான்.